தைராய்டு மாத்திரை போட்டும் டிஎஸ்எச் இறங்கவில்லையா? டோஸைக் கூட்டும் முன் இதையெல்லாம் பாருங்கள்

தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது: "ஒருநாள் விடாமல் போடுறேன், ஆனாலும் டிஎஸ்எச் இறங்க மாட்டேங்குது." டிஎஸ்எச் என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன், தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும். இறங்காவிட்டால் டோஸ் கூடும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் டிஎஸ்எச் அடிமட்டத்துக்குப் போயிருக்கும், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வந்திருக்கும், மறுபடி குறைப்பார்கள். இப்படி ஏறி இறங்கிக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். இவர்களில் பலருக்கு மாத்திரையின் அளவில் கோளாறே இருக்காது, விழுங்குகிற விதத்தில்தான் இருக்கும். அதனால் டோஸில் கை வைப்பதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே மருத்துவர் பரிசோதித்து, தைராய்டு குறைவு என்று உறுதி செய்து, லெவோதைராக்சின் எழுதிக் கொடுத்தவர்களுக்கான குறிப்பு இது. களைப்பாக இருக்கிறது, உடம்பு போடுகிறது என்று தானாக மருந்துக்கடையில் வாங்கிப் போட நினைப்பவர்களுக்கு இல்லை.

முதலில் மாத்திரையைப் பற்றி இரண்டு வார்த்தை. லெவோதைராக்சின் என்பது நம் தைராய்டுச் சுரப்பி சுரக்கும் டி4 ஹார்மோனேதான், ஆலையில் செய்தது என்பது மட்டும்தான் வித்தியாசம். உடம்பு அதைத் தேவைக்கு ஏற்ப, செல்களில் நேரடியாக வேலை செய்யும் டி3 ஹார்மோனாக மாற்றிக்கொள்ளும். 100 மைக்ரோகிராம் மாத்திரை என்றால், ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு. உள்ளங்கையில் தெரியும் அந்த வெள்ளை வில்லையில் ஏறக்குறைய எல்லாமே மாவும் பிசினும்தான், மருந்து கண்ணுக்கே தெரியாத அளவு. இவ்வளவு துளியூண்டு மருந்து இரைப்பை அமிலத்தில் கரைந்து, சிறுகுடல் வழியாக ரத்தத்துக்குள் போக வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் முக்கால் பங்கு வரை உள்ளே போகும், சாப்பாட்டோடு போட்டால் அது நன்றாகவே குறைந்துவிடும். பெட்டியில் 100 என்று போட்டிருந்தாலும் உடம்புக்குள் போவது இன்றைக்கு 75, நாளைக்கு 50 என்று ஆடினால் டிஎஸ்எச்சும் சேர்ந்து ஆடத்தான் செய்யும். அதிலும் டிஎஸ்எச் ஒரு தொட்டாற்சிணுங்கி. ரத்தத்தில் டி4 லேசாகக் குறைந்தாலே அது பல மடங்கு எகிறிவிடும்.

காலையில் போடுகிறவர்கள்

எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்போ பின்போ, ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். அதற்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். "வேறெதுவும்" என்பதில் காபியும் அடக்கம், இதில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். காபி சாப்பாடில்லையே என்று ஒரு கணக்கு. ஆனால் மாத்திரை போட்ட கையோடு குடிக்கும் காபி, பால் விடாத கறுப்புக் காபியாகவே இருந்தாலும், மருந்து உள்ளே போவதைக் குறைக்கிறது. பால் சேர்ந்தால் கால்சியமும் கூடவே சேர்ந்து வேலையைக் கெடுக்கும். சோயா, நார்ச்சத்து மிகுந்த தானிய உணவு இவையும் அப்படித்தான்.

காலையில் காபியைத் தள்ளிப்போடவே முடியாது, குழந்தைகளைக் கிளப்பி அனுப்பும் அவசரத்தில் அரை மணி நேரம் காத்திருப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்பவர்கள் மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். இதைப் பலரிடம் யாரும் சொல்வதே இல்லை. கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆன பிறகு, படுக்கப் போகும்போது போட்டால் மருந்து நன்றாகவே உள்ளே போகிறது. இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுப்பவர்களுக்கு இது ஒத்துவராது, அவ்வளவுதான். காலையா இரவா என்பதைவிட, தினமும் ஒரே மாதிரி போடுவதுதான் முக்கியம். திங்கள்கிழமை வெறும் வயிறு, செவ்வாய்க்கிழமை சாப்பாட்டோடு, ஞாயிறு பத்து மணிக்கு எழுந்து காபியோடு என்று போனால் எந்த மருத்துவராலும் டோஸைச் சரியாக நிர்ணயிக்க முடியாது. மாற்றுவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

கூடச் சேரக் கூடாத மாத்திரைகள்

மருந்து டப்பாவைத் திறந்து, தைராய்டு, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் என நாலு மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கும் பழக்கம் ரொம்பப் பேருக்கு உண்டு, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும். ஒருநாள் விடாமல் போடுகிறேன் என்று இவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இரும்பும் கால்சியமும் குடலுக்குள்ளேயே லெவோதைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்துக்குப் போகாமல் கழிவோடு வெளியே போய்விடும். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். தைராய்டைக் காலையில் போடுகிறவர்களுக்குச் சுலபமான வழி, தைராய்டு காலையில், இரும்பு மதியம், கால்சியம் இரவு. மல்டிவைட்டமின் என்று தனியாக ஒன்று சாப்பிடுகிறீர்கள் என்றால் அதன் அட்டையையும் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலும் இரும்போ கால்சியமோ ஒளிந்திருக்கும்.

நெஞ்செரிச்சலுக்கு வாயில் மெல்லும் மாத்திரைகளில் கால்சியம், அலுமினியம், மெக்னீசியம் இருக்கும், அவற்றுக்கும் இதே நான்கு மணி நேரக் கணக்குதான். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை அசிடிட்டி மாத்திரைகள் வேறு விதம். அவை இரைப்பை அமிலத்தையே குறைத்துவிடுவதால் இடைவெளி விட்டும் பெரிய பயனில்லை. நீங்கள் அவற்றை மாதக்கணக்கில் தொடர்ந்து எடுக்கிறீர்கள் என்றால் தைராய்டு டோஸைக் கொஞ்சம் கூட்ட வேண்டி வரலாம், அல்லது அந்த அசிடிட்டி மாத்திரை இன்னும் வேண்டுமா என்று கேட்டு நிறுத்த வேண்டி வரலாம். எதுவானாலும் உங்கள் தைராய்டைப் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு மருந்துகள் சில, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை உடம்பு டி4 ஐச் செலவழிக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும், மாதவிடாய் நின்ற பின் வாய்வழி எடுக்கும் ஈஸ்ட்ரோஜனும் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தை அதிகப்படுத்தும். அதனால் நேற்று வரை சரியாக இருந்த டோஸ் இன்றைக்குப் போதாமல் போகலாம். புதிதாக எந்த மருந்து ஆரம்பித்தாலும், நிறுத்தினாலும், "எனக்குத் தைராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஒருநாள் மறந்துவிட்டால்

பதற வேண்டாம். இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். ஒரு நாள் விட்டதை உடம்பு பெரிதாகக் கண்டுகொள்ளாது. அன்றைக்கே ஞாபகம் வந்தால் வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வருகிறது என்றால் வழக்கமான ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், நீங்களாக இரண்டு சேர்த்துப் போடாதீர்கள், இதய நோய் இருப்பவர்கள் நிச்சயமாகக் கூடாது. ஏதோ ஒரு அறுவை சிகிச்சைக்காக ஓரிரு நாள் வாயில் எதுவும் கூடாது என்றாலும் ஆபத்தில்லை.

இதே ஏழு நாள் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டோஸைக் கூட்டியதும் நாளைக்கே சுறுசுறுப்பு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மருந்து ரத்தத்தில் நிலையாக நிற்க ஐந்து, ஆறு வாரம் ஆகும். முடி, தோல் எல்லாம் தேற அதைவிட அதிக நாள் எடுக்கும். மூன்றாவது வாரமே பொறுமை இழந்து பரிசோதனை செய்து, "இன்னும் இறங்கவில்லை" என்று மறுபடி கூட்டினால் ஆரம்பத்தில் சொன்ன அந்த ஏற்ற இறக்கம் தொடங்கிவிடும்.

ரத்தம் கொடுக்கும் நாள்

டோஸ் மாறினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக நின்றுவிட்டால் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை போதும். பரிசோதனை அன்று காலையில் மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் டி4 கொஞ்சம் எகிறி நிற்கும், அந்த நேரத்தில் எடுத்தால் ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4) உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். டிஎஸ்எச் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை, இரவிலும் விடிகாலையிலும் கூடி, பிற்பகலில் குறையும். போன தடவை காலை எட்டு மணி, இந்தத் தடவை மாலை மூன்று மணி என்று கொடுத்துவிட்டு இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. எப்போதும் ஒரே நேரத்தில் கொடுங்கள், முடிந்தால் ஒரே பரிசோதனைக் கூடத்தில்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் மிக அதிக அளவில் இருக்கும். அது உங்கள் தைராய்டை ஒன்றும் செய்வதில்லை, ஆனால் பல பரிசோதனைக் கருவிகளைக் குழப்பிவிடும். டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். அதைப் பார்த்து டோஸைக் குறைத்துவிட்டால், நன்றாக இருந்தவருக்கு உண்மையிலேயே குறைபாடு வந்துவிடும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாகவே பயோட்டினை நிறுத்துங்கள். அதிக அளவில் எடுப்பவர்கள் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணைப் படிக்கும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பெரும்பாலான பரிசோதனைக் கூடங்கள் 0.4 முதல் 4 வரை என்று ஏறக்குறைய ஒரு வரம்பு போடும். 4.6 வந்துவிட்டது என்று தூக்கம் கெடத் தேவையில்லை. வயது ஏற ஏற டிஎஸ்எச் இயல்பாகவே சற்று மேலே நிற்கும். எழுபது வயதுக்காரரை இருபத்தைந்து வயதுக்காரரின் எண்ணுக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை, இழுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாவது, எலும்பு தேய்வது போன்ற வம்புகள்தான் மிஞ்சும். மாத்திரையே ஆரம்பிக்காதவருக்கு டி4 சரியாக இருந்து டிஎஸ்எச் மட்டும் 10க்குக் கீழே லேசாகக் கூடியிருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை, பலருக்கு அது தானாகவே இறங்கியிருக்கும். கர்ப்பம், கர்ப்பத்துக்கான முயற்சி, தைராய்டையே தாக்கும் டிபிஓ எதிர்ப்பொருள் சோதனையில் கூடியிருப்பது, இவையெல்லாம் இருந்தால் கணக்கு வேறு. பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு இருப்பவர்களுக்கு டிஎஸ்எச் எண்ணையே நம்பக் கூடாது, ஃப்ரீ டி4 ஐ வைத்துத்தான் டோஸ் பார்ப்பார்கள்.

மாதவிடாய், கருத்தரிப்பு, கர்ப்பம்

தைராய்டு குறைந்தால் மாதவிடாய் அதிகப் போக்காக வரும், நாள் தள்ளும், சிலருக்கு நின்றே போகும். மூளையிலிருந்து தைராய்டைத் தூண்டச் சொல்லி வரும் டிஆர்எச் என்ற ஹார்மோன் கூடும்போது, அது பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினையும் சேர்த்துத் தூண்டிவிடும். புரோலாக்டின் ஏறினால் கருமுட்டை வெளிவருவது தடைபடும். அதனால் புரோலாக்டின் லேசாகக் கூடியிருக்கிறது என்று அதற்குத் தனி மாத்திரை தொடங்கும் முன் டிஎஸ்எச் பார்த்தார்களா என்று கேளுங்கள். தைராய்டு சரியானதும் புரோலாக்டின் தானாக இறங்குவது வழக்கம்தான். ஆண்களுக்கும் இது பொருந்தும். ஆசை குறைவது, விறைப்பில் சிக்கல், விந்தணுவின் தரம் குறைவது ஆகியவற்றுக்குப் பின்னால் தைராய்டு இருக்கலாம், ஆனால் குழந்தை தள்ளிப்போனால் பரிசோதனைக்குப் பெரும்பாலும் பெண்ணை மட்டும்தான் அனுப்புகிறார்கள்.

குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் முயற்சிக்கு முன்பே டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள். மாத்திரை எடுப்பவர்களுக்கு அதை 2.5க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு முயற்சி செய்யச் சொல்வதுதான் பொதுவான வழக்கம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அடுத்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பம் உறுதியானதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. "மாசமா இருக்கும்போது எதுக்கு மாத்திரை" என்று பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள், கேட்காதீர்கள். குழந்தையின் சொந்தத் தைராய்டு ஹார்மோன் சுரக்கத் தொடங்கவே ஏறக்குறைய 12 வாரம் ஆகும், தன் தேவைக்குப் போதுமான அளவு சுரக்க 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் அம்மாவிடமிருந்துதான் போகிறது. நிறுத்துவதற்குப் பதிலாகக் கூட்டத்தான் வேண்டியிருக்கும், அதுவும் சீக்கிரமாக, பெரும்பாலும் 20 முதல் 30 சதவிகிதம். வழக்கமான ஏழு மாத்திரைக்குப் பதில் வாரத்துக்கு ஒன்பது என்று, கர்ப்பம் தெரிந்த அன்றே இரண்டைக் கூட்டிக்கொள்ளச் சொல்லும் முறை மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. ஆனால் இது உங்கள் டோஸையும் உங்கள் உடல்நிலையையும் பொறுத்தது. அதனால் முயற்சி செய்யும்போதே மருத்துவரிடம், "டெஸ்ட் பாசிட்டிவ் வந்த அன்று நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஸ்கேனுக்காக எட்டாவது வாரம் போகும் வரை காத்திருந்தால் முக்கியமான வாரங்கள் கடந்திருக்கும். அப்புறம் கர்ப்பத்தின் பாதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச். பிரசவம் ஆனதும் பழைய டோஸுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போது தாராளமாக இந்த மாத்திரை எடுக்கலாம்.

வைத்திருக்கும் இடமும் வாங்கும் பிராண்டும்

இந்த மருந்துக்கு வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றும் ஆகாது. குளியலறை அலமாரி, அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல், காரின் முன்பெட்டி எல்லாம் வேண்டாம். ஈரக் கையால் எடுக்காதீர்கள். டப்பாவில் 100 மாத்திரை வாங்கினால் அதிலேயே இறுக்கி மூடி வைத்து, ஒவ்வொன்றாக எடுங்கள், மொத்தத்தையும் கண்ணாடிச் சீசாவில் கொட்டி மேசையில் வைப்பது சரியில்லை. ஒரு பிராண்டில் டோஸ் சரியாக நின்றுவிட்டால் அதிலேயே இருங்கள். மாற்றினால் பெரிய தப்பில்லை, ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் பார்த்துவிட வேண்டும், அவ்வளவே. கடையில் 0.1 மில்லிகிராம் என்று போட்ட டப்பாவைக் கொடுத்தால் குழம்ப வேண்டாம், அதுவும் 100 மைக்ரோகிராமும் ஒன்றுதான். ஆனால் 12.5ஐயும் 125ஐயும் மாற்றி எடுத்துவிட்டால் பத்து மடங்கு வித்தியாசம், வாங்கியதும் புள்ளியைப் பாருங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் இறங்கவில்லை என்றால்

முழுத் தேவைக்கான டோஸ் ஏறக்குறைய உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ என்றால் 100 பக்கத்தில். வயதானவர்களுக்கும் இதய நோய் இருப்பவர்களுக்கும் 12.5, 25 என்று குறைவாகத்தான் ஆரம்பிப்பார்கள், அது வேறு. இந்தக் கணக்கைவிட மிக அதிகமாக, 175, 200 என்று போட்டும் டிஎஸ்எச் அசையவில்லை, விழுங்குவதிலும் குறையில்லை என்றால் குடலைப் பார்க்க வேண்டும். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், இரைப்பையில் எச் பைலோரி கிருமி, இரைப்பைச் சுவர் மெலிந்து அமிலம் சுரக்காமல் போவது, எடை குறைக்கச் செய்த குடல் அறுவை சிகிச்சை, இவையெல்லாம் மருந்தை உள்ளே விடாது.

உடல் எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டோஸைத் தானாகக் கூட்டிக்கொள்பவர்களில் நிறையப் பேர் அதற்காகத்தான் செய்கிறார்கள். தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் கணிசமான பங்கு உப்பும் நீரும். மருந்து சரியானால் அது இறங்கும், அதற்கு மேல் இருக்கும் இருபது கிலோவுக்குத் தைராய்டைக் குற்றம் சொல்ல முடியாது. எடை குறைக்க என்று மாத்திரையைக் கூட்டிப் போட்டால் கொழுப்போடு தசையும் எலும்பும் கரையும், இதயம் ஒழுங்கு தவறித் துடிக்கும். கை நடுக்கம், காரணமில்லாத வியர்வை, படபடப்பு, தூக்கம் வராமை, வயிற்றுப்போக்கு, இவை தெரிந்தால் டோஸ் அதிகமாகியிருக்கலாம், அடுத்த பரிசோதனைக்குத் தேதி வரும் வரை காத்திருக்காமல் போய்ப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் அன்றைக்கே, அவசரப் பிரிவுக்கு. மாத்திரை தொடங்கிய பிறகு தேறாமல் இன்னும் மோசமாகி, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது என்று போனாலும் தள்ளிப்போடக் கூடாது, அட்ரினல் சுரப்பியும் குறைந்திருந்தால் இப்படி ஆகும், அதற்கு முதலில் அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனைச் சரிசெய்ய வேண்டும்.

டிஎஸ்எச் சரியாகி ஆறு மாதம் ஆகியும் களைப்பு போகவில்லை என்றால் மூன்றாவது முறையாகத் தைராய்டையே சோதித்துக்கொண்டிருக்காமல் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறட்டை பலமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் களைப்பு வரும்.